மேலிங்கின் இரட்டை அலமாரிகள்

கண்ணாடிக் கதவை மேலிங் இழுத்துத் திறந்ததும் ஒரு சின்ன முக்காலி மிதந்து வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பிறகு தண்ணீர், பால் குறைந்த டீயின் நிறத்தில், எங்கள் கணுக்கால்களைச் சுற்றிக்கொண்டு பார்க்கிங் பக்கம் வழிந்தது.

ஹூஸ்டனில் அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் பெய்த மழையை, அப்போது அங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃப்ரீவேயின் தாழ்வான இடங்களில் பெரிய லாரிகளே மூழ்கிக் கிடந்தன. எங்கள் அப்பார்ட்மென்ட் மாடியில் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். மேலிங்கின் கடை ஒரு கடைவரிசையின் கோடியில், தரையோடு தரையாக இருந்தது. பழைய சீன மர அலமாரிகளைக் கப்பலில் வரவழைத்து, பழுது பார்த்து விற்கிற கடை. நான் அங்கே வாரத்தில் நான்கு நாள் வேலை செய்துகொண்டிருந்தேன்.

உள்ளே ஏழு அலமாரிகளும் நின்ற இடத்திலேயே நின்றன. முழங்கால் உயரத்துக்கு எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் சேற்றுக்கோடு. மேலிங்கின் ஆபீஸ் மேசை மட்டும் மரத்தூளை அழுத்திச் செய்த புதுச் சரக்கு. டீயில் நனைத்த ரஸ்க் போல உப்பியிருந்தது. கை வைத்தேன், மூலை கையோடு வந்துவிட்டது.

மேலிங் மேசையைப் பார்க்கவே இல்லை. நடுவில் நின்ற இரட்டை அலமாரிகளிடம் நேராகப் போனாள். சிவப்பு அரக்கு பூசியவை. ஆள் உயரத்துக்கும் மேலே. கதவுகளின் நடுவே முழுநிலா போல வட்டப் பித்தளைத் தகடு. வட சீனாவில் ஏதோ ஒரு வீட்டுக் கல்யாணத்துக்காக நூறு வருடத்துக்கு முன்னால் ஜோடியாகவே செய்யப்பட்டவை என்பாள். ஷுகர்லேண்டில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பதி அந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜூலை கடைசியில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

எங்கள் இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு என்பதால், இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"காலைல எங்க அண்ணன் ஃபோன் பண்ணினான்," என்றாள். "கடையை மூடிட்டு சான் ஹோசேக்கு வந்துடுங்கறான். இந்த ரெண்டும் போச்சுன்னா அவன் சொல்றதுதான் சரி."

"போகலைன்னா?"

அவள் விரல் மடக்கி ஒரு கதவைத் தட்டினாள். காதைக் கிட்டே வைத்து மறுபடி தட்டினாள்.

"கழட்டிப் பாப்போம்."

மீன் கடைக்குப் பக்கத்தில்

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

நான் பல் மருத்துவர். நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் பல் பிடுங்கியும் பல் அடைத்தும் பல் செட் கட்டியும் வந்தவள். கல்யாணமாகி செல்வினோடு டெக்சாஸ் வந்த பிறகுதான், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே ஒருவர் வாயிலும் கைவைக்க முடியாது என்பது முழுதாக உறைத்தது. எழுத்துத் தேர்வுகள். பிறகு ஏதாவது ஒரு கல்லூரியில் கைவேலைத் தேர்வு. அதில் தேறினால் மறுபடி இரண்டு வருடப் படிப்பு.

எழுத்துத் தேர்வுகளை எழுதி முடித்தேன். ஜெனி பிறந்தாள். கிரீன் கார்டு வந்தது. கைவேலைத் தேர்வுக்குப் போனேன்.

பிளாஸ்டிக் தாடை, அதில் பிளாஸ்டிக் பற்கள். ஒரு பல்லைச் செதுக்கும்போது சுழலும் முனை பக்கத்துப் பல்லில் பட்டுவிட்டது. மயிரிழை அளவுக் கீறல்தான். மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார், தாளில் ஏதோ எழுதினார். அப்போது தொடங்கிய கை நடுக்கம் தேர்வு முடியும் வரை நிற்கவில்லை. முடிவு என்னவென்று கடிதம் வந்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை.

எங்கள் தமிழ் ஆராதனைக்கு பேர்லேண்டிலிருந்து வரும் ஓர் ஆண்ட்டி, "பேசாம மெடிக்கல் பில்லிங் கோர்ஸ் பண்ணிடும்மா. ஏசி ரூம்ல உக்காந்து வேலை. யார் வாயையும் பாக்க வேண்டாம்," என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்தக் கடைசி வரி என்னைவிட்டுப் போக நாளாயிற்று.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மீன் இல்லாமல் வாரம் ஓடாது. சூப்பர் மார்க்கெட்டில் தோலும் முள்ளும் இல்லாமல் விற்கும் வெள்ளைத் துண்டுகளை செல்வின் மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் சீனக் கடை. அங்கே தலையோடும் வாலோடும் கிடைக்கும். அந்தக் கடைவரிசையில்தான் ஒரு நாள் கண்ணாடி வழியே மேலிங்கைப் பார்த்தேன்.

என் வயதுதான் இருக்கும். தரையில் உட்கார்ந்து, ஒரு கதவை மடியில் போட்டுக்கொண்டு, பூவேலையின் இடுக்குகளில் யாரோ அடித்திருந்த வெள்ளை பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தடித்த கத்தி. பெயின்ட்டோடு இதழின் ஓரமும் பெயர்ந்தது. நான் மீன் பையோடு நின்று பார்த்தேன். இரண்டாவது இதழும் போனபோது பொறுக்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

"அந்தக் கத்தி வேண்டாம்," என்றேன்.

அவள் நிமிர்ந்து என் பையிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரைப் பார்த்தாள்.

"முதல்ல மீனை வெளியே வை."

அடுத்த சனிக்கிழமை என் பெட்டியோடு போனேன். நாகர்கோவிலிலிருந்து புடவைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த கருவிகள். தேர்வுக்குப் பிறகு திறக்காத பெட்டி. பல்லிடுக்குக் காரையை எடுக்கிற மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்து, ஒரே ஒரு பூவைச் சுத்தம் செய்து காட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. மேலிங் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ என்ன வேலை பாக்கறே?"

"பல் டாக்டர்."

"எங்கே?"

"எங்கேயும் இல்லை."

"அப்போ திங்கக்கிழமை வா," என்றாள்.

பலகையை ஒட்டாதே

முதல் வாரமே ஒரு தப்புச் செய்தேன். ஒரு கதவைத் துடைக்கும்போது நடுப்பலகை விரலுக்குக் கீழே லேசாக அசைந்தது. கழன்றுவிட்டது என்று நினைத்துப் பசை பாட்டிலை எடுத்தேன். மேலிங் கடையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து கையிலிருந்து பிடுங்கினாள்.

"அது அசையணும். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இடம் விடலைன்னா வெடிச்சிடும்."

பிறகு அந்தக் கதவையே கழற்றிக் காட்டினாள். நான்கு பக்கச் சட்டங்களிலும் உள்புறமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. பலகை அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஒட்டாமல். சட்டத்தைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துவதும் ஆணி இல்லை. ஒன்றின் முனையை நாக்கு போல நீளமாகச் செதுக்கியிருப்பார்கள், இன்னொன்றில் அதற்கென்றே வெட்டிய துளை. கதவுக்குக் கீல் கூடக் கிடையாது. கதவுச் சட்டத்தின் மேலும் கீழும் குமிழ் போல நீட்டி விட்டிருப்பார்கள், அது குழியில் உட்கார்ந்து சுழலும்.

சில மூலைகளில் நாக்கின் நுனி புறாவின் வாலைப் போல விரிந்திருந்தது. உள்ளே அகலம், வாயில் குறுகல். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் படித்த காலத்தில் வெள்ளி அடைப்பு வைக்கப் பல்லைக் குடைவது இப்படித்தான். வாயைக் குறுக்கி, உள்ளே அகலமாகக் குடைந்தால் பசையே இல்லாமல் அடைப்பு நிற்கும். சுண்ணாம்புக்கட்டியில் செதுக்கிச் செதுக்கிப் பழகியிருக்கிறோம்.

மேலிங்கிடம் சொன்னேன். அவள் சீனாவில் ஃபோஷான் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் பத்து வருடம் இருந்தவள். மரத்தைப் பற்றி உருகிப் பேசுகிற ஆளில்லை.

"அப்போ உனக்குப் பாதி வேலை தெரியும்," என்றாள். "மீதியைச் சீக்கிரம் கத்துக்கோ."

சுத்தமாகக் கழுவினேன்

வெள்ளம் வடிந்த மறுநாள் இரட்டை அலமாரிகளைக் கழற்றத் தொடங்கினோம். மூட்டுகளில் தடவியிருந்த, மாட்டுத்தோலைக் காய்ச்சிச் செய்த பழைய பசை தண்ணீரில் தானாகவே இளகியிருந்தது. துணி சுற்றிய மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டத் தட்ட, ஒவ்வொரு மூட்டும் ஒரு பெருமூச்சோடு விட்டுக்கொடுத்தது. இரண்டிலுமாக எண்பத்திரண்டு துண்டுகள். எதுவும் உடைந்திருக்கவில்லை.

மேலிங்கின் முகத்தில் அன்றுதான் உயிர் வந்தது.

வெயிலில் வைக்கக் கூடாது, சூடு காட்டக் கூடாது. மெல்லிய மரக்கட்டைகளின் மேல் பரப்பி, ஃபேன் காற்றில், தினமும் புரட்டிப் போட்டுக் காயவைக்க வேண்டும். அதற்கு முன்னால் துளைகளுக்குள் போன சேற்றை எடுக்க வேண்டும். அது என் வேலை. மேலிங் கட்டடத்தின் சொந்தக்காரரைப் பார்க்கப் போன ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து எடுத்தேன். கொக்கியால் கிளறி, வெந்நீரும் சோப்பும் விட்டு, சின்ன பிரஷ்ஷால் தேய்த்தேன். சேற்றோடு செம்மண் நிறமாகவும் ஏதோ கரைந்து வந்தது. வர வர இன்னும் நன்றாகத் தேய்த்தேன். மாலையில் எல்லாத் துண்டும் பளிச்சென்று இருந்தன. எனக்கு உள்ளூரப் பெருமை.

மேலிங் திரும்பி வந்து ஒரு சட்டத்தை எடுத்தாள். நாக்கைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

"எழுத்து எங்கே?"

"எந்த எழுத்து?"

செய்த தச்சன் ஒவ்வொரு நாக்கிலும் துளையிலும் காவிக்கட்டியால் குறி எழுதியிருந்தான். இடது, வலது, முன், பின், மேல், கீழ். எது எதற்குள் போக வேண்டும் என்று. சேற்றுக்கு அடியில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒற்றை அலமாரி என்றால் சமாளித்திருக்கலாம். இது ஜோடி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் துண்டுகள் இரண்டிலும் உண்டு. ஆனால் கையால் வெட்டியவை. ஒவ்வொரு துளையும் அதனதன் நாக்குக்கென்று, தாள் கனத்தில் வித்தியாசப்பட்டிருக்கும். மாற்றி அடித்தால் சட்டம் பிளந்துவிடும். இல்லையென்றால் ஆடும்.

அவள் கத்தவில்லை. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ ரூபி," என்றாள்.

தபால்பெட்டி

வீட்டில் செல்வின் மீனுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஐந்து வயது ஜெனி டிவியிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"இஸ் மேலிங் ஆண்ட்டி மேட் அட் யூ?"

"ஆமா, கோவமாத்தான் இருக்கா."

"ஓகே," என்று டிவிக்குத் திரும்பிவிட்டாள்.

செல்வின், "தெரியாம நடந்ததுதானே. அழாத," என்றார். அந்தப் பரிவைத் தாங்க முடியாமல்தான் மற்றதும் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மறுபடி அப்ளை பண்ணினதுக்கு டாலஸ் காலேஜ்ல இருந்து கைவேலைத் தேர்வுக்கு லெட்டர் வந்துருக்கு. நான் வரேனா இல்லையான்னு இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். வந்து மூணு வாரம் ஆச்சு."

அவர் மிக்சியை நிறுத்தினார். "லெட்டர் வரலன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்?"

"நான் போகப் போறதில்ல. பாத்தீங்கல்லா, என் கை பட்டா எல்லாம் கெட்டுல்லா போகுது."

அவர் கையைக் கழுவித் துடைத்தார். கொஞ்ச நேரம் துண்டையே மடித்துக்கொண்டிருந்தார்.

"போக இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லு. நான் உன்னைக் கட்டி இழுத்துட்டா போகப் போறேன்? ஆனா லெட்டர் வரலன்னு சொல்லாத, ரூபி. நான் தெனமும் ஆபீஸ் விட்டு வந்து அந்தத் தபால்பெட்டியைத் திறந்து பாத்துட்டுத்தான் மாடி ஏறுதேன்."

எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைக் கடிந்து பேசிய தடவைகளை எண்ணிவிடலாம். இது கடிந்ததா என்று கூடத் தெரியவில்லை. அன்று மீன் குழம்பில் உப்பு போட இருவருமே மறந்துவிட்டோம். அப்படியே சாப்பிட்டோம்.

பீரோவின் கடி

மறுநாள் காலை என் பெட்டியை எடுத்துவரத்தான் கடைக்குப் போனேன். மேலிங் துண்டுகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் கிடந்தது. அதன் நாக்கின் மேல் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கடுகளவு பளபளப்பு. எடுத்துத் திருப்பினேன். மறுபக்கம் இன்னொரு பளபளப்பு, வேறு வடிவில்.

எனக்கு அது பழக்கப்பட்ட பளபளப்பு. நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தால், எதிர்ப்பல் உரசி உரசி இப்படித்தான் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். எந்தப் பல் எதனோடு கடிக்கிறது என்பதை அந்தத் தேய்மானமே காட்டிக்கொடுக்கும். நூறு வருடம் மழைக்கு உப்பி, குளிருக்குச் சுருங்கி, இந்த நாக்கும் அதன் துளையோடு உரசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

கடி பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு மெல்லிய நீலத்தாள் உண்டு. பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னால், படுகிற இடத்தில் நீலம் ஒட்டும். பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கட்டு கிடந்தது. ஒரு தாளைத் துளைக்குள் வைத்து, நாக்கை மெதுவாக நுழைத்து எடுத்தேன். நீலம் பளபளப்பில் படாமல் தள்ளி விழுந்தது. துடைத்துவிட்டு அடுத்த துளை. அதிலும் இல்லை. மூன்றாவதில், பளபளப்பின் மேல் அச்சாக நீலம்.

மேலிங் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது.

"இன்னொண்ணு காட்டு," என்றாள்.

இன்னொன்று காட்டினேன். அவள் வாளியைக் கவிழ்த்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மரம் காயக் காயக் கொஞ்சம் கொஞ்சமாக. நடுவில் நீலத்தாள் தீர்ந்துபோனது. யாரைக் கேட்பதென்று தெரியாமல் பேர்லேண்ட் ஆண்ட்டியைக் கேட்டேன். அவர் தன் பல் டாக்டரிடம் போய் இரண்டு பெட்டி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எதுக்குன்னு கேட்டாரும்மா. ஒரு பீரோவுக்குக் கடி சரியா இருக்கான்னு பாக்கணும்னு சொன்னேன். என்னையே ஒரு மாதிரி பாத்தார்."

நாற்பதாவது மூட்டு வாக்கில் இருக்கும். தாளைத் துளைக்குள் செலுத்திக்கொண்டிருந்தபோது என் கையைக் கவனித்தேன். அது நடுங்கவில்லை. எத்தனை நாளாக நடுங்கவில்லை என்றும் தெரியவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய் டாலஸ் கடிதத்தை எடுத்து செல்வினிடம் கொடுத்தேன். அவரே உறைமேல் முகவரி எழுதினார்.

ஒவ்வொரு ஜோடி உறுதியானதும் மேலிங் மையும் தூரிகையும் எடுத்துப் புதுக் குறி எழுதினாள். இடப்பக்க அலமாரி முழுவதும் சீன எழுத்து. வலப்பக்கத்துக்கு வந்ததும் தூரிகையை என்னிடம் நீட்டினாள்.

"நீதானே அழிச்சே. நீயே எழுது."

எழுதினேன். தமிழில்தான். இடது முன் மேல். வலது பின் கீழ். ஷுகர்லேண்டில் ஏதோ ஒரு வீட்டில், சிவப்பு அரக்குக்கு உள்ளே, என் கையெழுத்தில் அது இப்போதும் இருக்க வேண்டும்.

ஆகஸ்டில்

அந்தத் தம்பதி ஜூலை கடைசியில் வந்தார்கள். மேலிங் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் எது வரை ஏறியது என்று கையால் காட்டினாள், கழற்றி மாட்டியதைச் சொன்னாள். அந்தப் பெண் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். மறுபடி திறந்து மூடினாள்.

"வெள்ளத்துல ஊறின எங்க வீட்டு ஃபர்னிச்சர் எல்லாத்தையும் ரோட்டோரம் போட்டுட்டோம்," என்றாள். "இதை எடுத்துக்கறோம்."

மேலிங் அன்று மாலை அண்ணனுக்கு ஃபோன் செய்து சீன மொழியில் நிறைய பேசினாள். சான் ஹோசே என்ற வார்த்தை ஒரே ஒரு தடவைதான் வந்தது.

அதற்கு நடுவில் டாலஸுக்கும் போய்வந்தேன். நாற்பத்தைந்தாம் எண் ஃப்ரீவேயில் நான்கு மணி நேரம். செல்வின்தான் டிரைவ் பண்ணினார். ஜெனி பின்சீட்டில் தூங்கினாள். அதே பிளாஸ்டிக் தாடை. வெளியே வந்ததும் செல்வின், "எப்படி?" என்றார். "பக்கத்துப் பல் தப்பிச்சுட்டு," என்றேன். அவர் காரை எடுத்தார்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை நடுப்பகல். நான் ஒரு சின்ன அலமாரிக்குள் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து, வெள்ளத்தில் ஊறிய அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தளைத் தகடு எதுவும் இல்லாத, எளிமையான எல்ம் மர அலமாரி. கதவு மணி அடித்தது. வாடிக்கையாளர் என்று நினைத்தேன். செல்வின் குரல் கேட்டது. அவர் ஆபீஸ் நேரத்தில் அங்கே வந்ததே கிடையாது.

கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு நின்று அலமாரியைச் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டில் தடவினார்.

"இந்தப் பீரோவைக் கழட்டுனா நம்ம கார்ல ஏறுமா?"

"எதுக்கு?"

"டாலஸ் வரைக்கும் ஏத்திட்டுப் போகணும்லா. அங்க ஒரு அப்பார்ட்மென்ட் பாக்கணும். நீ வீட்ல இல்லன்னு காலேஜ்ல இருந்து என் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டாங்க. சீட் குடுத்துட்டாங்க ரூபி."

நான் அலமாரிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வர வேண்டும் என்று தோன்றவில்லை. மேலிங் செல்வினின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் தமிழில் பேசியதில் டாலஸ், காலேஜ், அப்பார்ட்மென்ட் மாதிரி சில வார்த்தைகள்தான் அவளுக்குப் புரிந்திருக்கும்.

அது போதுமானதாக இருந்தது. அவள் என் தலைக்கு மேலே கையை நீட்டி, ஒரு கதவைத் தூக்கிக் கழற்றி, செல்வினின் கைகளில் கொடுத்தாள்.